வண்டி நிறுத்த ஒரு நல்ல இடம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் ஒரு பிரகடனம் செய்தார். பல் தேய்த்துக்கொண்டே செய்ததால் பிரகடனம் பாதியும் நுரை பாதியுமாக வந்தது.

"வாழ்க்கை பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணிப் பண்ணி மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே நேரா போகப் போறேன்."

"எங்க, கடைக்கா?" என்றாள் மனைவி.

"ரோடு எங்க முடியுதோ அங்க. கடல் வரைக்கும். ஒரு லாரி வாங்கி, அதையே வீடாக்கி, பொழுது சாயற இடத்துல நிறுத்திப் படுத்துக்கறோம். லாட்ஜ் கிடையாது. ரூம் கிடையாது. நீயும் வர்ற."

"சரி."

அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை வாதாடாமல் சரி என்றது அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் சாதாரண ஆள் இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "ஒண்ணுமே வலிக்காது, உக்காருங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லியே பயில்வான்களைக்கூட நாற்காலியில் சாய வைத்தவள். குறடு வாய்க்குள் போன பிறகுதான் அவர்களுக்கே விஷயம் புரியும்.

கடல் பார்க்கும் ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள், போன மாதம் ஃபோனில், "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

குழாய்க்கு வாஷர் மாற்றுவதாக இருந்தாலும் அப்பாவைக் கேட்டுச் செய்கிற பெண். மாப்பிள்ளையை மட்டும் தானே பார்த்துக்கொண்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியே கோபம் என்று சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்தது வருத்தம்தான். பிரகடனம் செய்த அன்றே மகளுக்கு ஃபோன் போட்டார்.

"பையன் பேரு, ஊரு, அவங்கப்பன் தொழில், ஒண்ணும் என் காதுல விழக் கூடாது. அவங்க வீட்டு வாசல்ல போய் நான் நிக்கவும் மாட்டேன். நான் கடலைப் பாத்துட்டு வர்றேன். அப்புறம் யோசிக்கலாம்."

"சரிப்பா," என்றாள் மகள். "நீங்க உங்க வாயால பிடிச்சிருக்குன்னு சொல்ற வரைக்கும் நான் கல்யாணம் பண்ணிக்கலை."

சண்டை போட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். இப்படி மொத்தப் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் தோன்றாமல் லாரி வாங்கப் போய்விட்டார்.

வாங்கியது ஒரு ரொட்டிக் கம்பெனியின் பழைய லாரி. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரே பொருத்தினார். வெளியே பெயின்ட் அடிக்க நேரமில்லை. அதனால் அதன் விலாவில் ஆளுயர ரொட்டி ஒன்று அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போதே அதிகாரத்தைப் பங்கு போட்டுவிட்டார்.

"வழி மட்டும் நீ சொல்லு. எங்க நிறுத்தறதுங்கறது என் முடிவு."

"உங்க முடிவுதாங்க."

"எடம் மட்டமா இருக்கணும். லிஃப்ட் வேலையில முதல் பாடமே அதுதான். மட்டம் தப்புச்சுன்னா தூக்கம் தப்பிடும்."

இதற்காகவே தன் பழைய ரசமட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். வண்டியை நிறுத்தியதும் அதைக் கட்டில்மேல் வைப்பார். கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் காற்றுக்குமிழி நட்டநடுவே வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஊரையே கூட்டிவிடுவார்.

முதல் நாள் அவர் பிடித்த இடம் ஒரு தொழிற்சாலை மதிலோரம். குமிழி நடுவிலேயே நின்றது. விடிந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், காலை ஷிஃப்ட் முழுக்க வரிசையில் நிற்கிறது.

"ரெண்டு பாக்கெட் குடுங்க," என்றார் முதல் ஆள்.

"ரொட்டி இல்லைங்க. இது வீடு."

"அப்ப வெளிய எதுக்கு ரொட்டி போட்டிருக்கு? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?"

வரிசையின் கடைசியில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் அவர்கள் முட்டித் தள்ள, வண்டி ஆடியது. மனைவி தன் பங்கு ரொட்டியை முதல் ஆளுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தாள். அதைப் பார்த்து இரண்டாவது ஆள் சண்டைக்கு வந்தார்.

அடுத்த நாள் ஏரிக்கரையில் ஒரு பெரிய தார்த்தளம். வெள்ளைக் கோடெல்லாம் போட்டுப் பளிச்சென்று இருந்தது. "நமக்காகவே போட்டு வச்ச மாதிரி இருக்கே!" என்று நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் அது ஓட்டுநர் தேர்வு நடத்துகிற மைதானம். சுற்றிலும் பயிற்சி கார்கள், வழி காட்டும் பிளாஸ்டிக் கூம்புகள், விசிலோடு ஒரு இன்ஸ்பெக்டர். கூம்புகளுக்கு நடுவே லாரியைப் பின்னால் எடுத்து வெளியேறுவதற்குள் அவர் நாலைந்து கூம்புகளைச் சாய்த்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில், "ஃபெயில். அடுத்த மாசம் வாங்க," என்றார்.

லாரி ரோட்டுக்கு வந்த பிறகு அவர் முணுமுணுத்தார். "என்ன இருந்தாலும் எடம் மட்டம்தான். ஒத்துக்கணும்."

"அதுல என்ன சந்தேகம்? நீங்க புடிச்ச எடம் எல்லாமே மட்டம்தான்."

மூன்றாம் நாள் மத்தியானம் கடந்ததுமே அவருக்குக் கவலை வந்துவிட்டது. இவர்களைப் போல வண்டியில் சுற்றுகிறவர்கள், தாங்கள் தங்கிய இடங்களைக் குறித்து நல்லது கெட்டது எழுதி வைக்கிற ஆப் ஒன்று மனைவியின் ஃபோனில் இருந்தது. அவருக்கு ஓட்ட ஒரு கண்ணாடி, படிக்க ஒரு கண்ணாடி. ஓட்டும்போது படிக்கிற வேலை அவளுடையது.

"ஆத்தங்கரையில ஒரு எடம் போட்டிருந்துச்சே?"

"இருக்கு. 'தண்ணி திடீர்னு ஏறும்'னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அப்புறம் என்ன பண்ணினாராம்?"

"அதை எழுதலை. அதுக்குள்ள ஏறியிருக்கும்."

"சரி, மலைமேல ஒரு திருப்பம் இருக்குமே. காட்சி பாக்கற எடம்."

"'கரடி வந்து கதவைத் தட்டிச்சு'ன்னு இருக்கு."

"கரடி எங்கயாவது கதவைத் தட்டுமா?"

"மரியாதை தெரிஞ்ச கரடி போலிருக்கு."

"பெட்ரோல் பங்க்?"

"'ஓனர் ராத்திரி பூரா பாடுவார்.'"

"பாடட்டுமே. என்ன பாட்டாம்?"

"என்ன பாட்டுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியலையாம். ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்காங்க."

லிஃப்ட்காரர் ஸ்டீரிங்கில் ஒரு குத்துவிட்டார். ஹாரன் அடித்தது. முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

"இந்த உலகத்துல ஒரு லாரிக்கு எடம் இல்லையா?"

"லெஃப்ட்ல திரும்புங்க. ஏதாவது வீடா பாத்துக் கேட்டுப் பாக்கலாம்."

திரும்பினார். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய வளாகம் தெரிந்தது. இரும்புக் கேட், உள்ளே விசாலமான முற்றம், ஓரத்தில் ஓட்டு வீடு. முற்றத்தின் நடுவே, சரக்கு லாரிகளை ஏற்றி எடை பார்க்கிற இரும்பு மேடை ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருந்தது.

"இங்க வேண்டாங்க," என்றாள் மனைவி அவசரமாக. "எடைமேடை வச்சிருக்காங்க. ஏதோ லாரித் தொழில் பண்றவங்க. நமக்கு ஒத்து வராது. மேல போங்க."

அவர் பிரேக்கை அழுத்தினார்.

"உனக்கு என்ன தெரியும்? எடைமேடை இருக்கற எடம் எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணிய ஊத்தினா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அப்படியே நிக்கும். அவ்வளவு மட்டம்!"

"அறிமுகம் இல்லாதவங்க வாசல்ல போய் எப்படிங்க..."

"நீ உக்காரு. நான் கேக்கறேன்."

கேட்டில் போய் நின்றார். வழுக்கைத் தலையும் கிரீஸ் கறைச் சட்டையுமாக ஒருவர் வந்தார். லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தழைத்து, "சார், இன்னிக்கு ஒரு பொழுது இங்க எடம் கிடைக்குமா?" என்றார்.

எடைமேடைக்காரர் அவரைப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை சார். எடம் உங்களுக்குப் பிடிக்கணுமே."

பிடித்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் குமிழி நட்டநடுவில் போய் உட்கார்ந்து அசைய மறுத்தது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், அந்த எடைமேடையில் ஒரு கோளாறு இருந்தது. மேலே ஒன்றுமில்லாதபோதும் ஏதோ எடை காட்டியது. லிஃப்ட்காரருக்குக் கை ஊறியது. எடை, பளு, இரும்புக் கயிறு என்று வாழ்ந்தவர். சட்டையைக் கழற்றிவிட்டு, மேடையோரக் குழி வழியாக அதன் அடியில் நுழைந்தார். எடைமேடைக்காரரும் பின்னாலேயே நுழைந்தார். வெளியே நாலு கால்கள் மட்டும் தெரிந்தன. வீட்டுக்கார அம்மாளும் மனைவியும் டீயோடு வந்து அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீயைத் தாங்களே குடித்துவிட்டார்கள்.

"ஒரு மூலை தாழ்ந்திருக்கு பாருங்க."

"எத்தனை மெக்கானிக் வந்தான்! ஒருத்தனும் இதைக் கண்டுபிடிக்கலையே!"

"லிஃப்டுக்கும் எடைமேடைக்கும் இவ்வளவு சம்பந்தம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை சார்."

மேடைக்கு அடியிலிருந்து இருமல் கேட்டது. "சம்பந்தம்னு எழுதியிருந்தா வந்துதானே ஆகணும் சார்," என்றார் எடைமேடைக்காரர்.

சாப்பிட உள்ளே கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு இளைஞனின் படம் இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற மகன் என்றார்கள்.

"முகத்துல நல்ல தெளிவு. பொறுப்பான பையன்னு பாத்தாலே தெரியுது," என்றார் லிஃப்ட்காரர்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

போட்டுக்கொண்டு பார்த்தார். "இப்பவும் அப்படித்தான் தெரியுது."

வீட்டுக்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புகை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். நல்ல சாப்பாடும் நல்ல மனிதர்களும் சேர்ந்ததில் அவருக்கு மனசு இளகிவிட்டது. எடைமேடைக்காரர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எம் பொண்ணும் ஒரு பையனைப் பாத்து வச்சிருக்கா சார்."

"அப்படியா? விசாரிச்சீங்களா?"

"விசாரிக்கவா! பயமா இருக்கு சார். வளத்தது நான். நாளைக்கு அவளை ஒருத்தன் அழ வச்சான்னா நான் எங்க போய் ரிப்பேர் பண்ணுவேன்? உங்களை மாதிரி ஆளுங்களா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு சரின்னுருவேன்."

எடைமேடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. லிஃப்ட்காரரே அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் காலையில் விடைபெறும்போது, மனைவி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. எங்க போனாலும் குறைதானே சொல்றீங்க?"

"சொல்றேனே. ரொம்ப நல்ல எடம்."

"காதுல விழலை. சத்தமா, மனசாரச் சொல்லுங்க."

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு இந்த எடம் ரொம்பப் பிடிச்சிருக்கு! இதைவிட நல்ல எடம் தேடினாலும் கிடைக்காது!"

"அப்பா!" என்று ஃபோன் அலறியது.

அது மகளின் குரல். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி, "ரொம்ப நன்றிங்க மாமா," என்றது.

லிஃப்ட்காரர் ஃபோனைப் பார்த்தார். கதவு வழியே தெரிந்த சுவர்ப் படத்தைப் பார்த்தார். எடைமேடைக்காரரைப் பார்த்தார். அவர் சங்கடமாகச் சிரித்து, "வாங்க சம்பந்தி, இன்னொரு டீ சாப்பிடலாம்," என்றார்.

"மோசடி!" என்றார் லிஃப்ட்காரர் மனைவியிடம். "பையன் வீட்டு வாசல்ல நிக்க மாட்டேன்னு நான் சொல்லலை?"

"ஒரு நிமிஷம்தானே நின்னீங்க. மிச்ச நேரமெல்லாம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினீங்க."

"நான் நிறுத்தலாம்னு சொன்னப்ப வேண்டாம்னு சொன்னியே?"

"வேணும்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"அப்ப அந்தக் கரடி?"

"நல்ல கரடிங்க. நமக்காக வந்துட்டுப் போச்சு."

இன்னும் கொஞ்சம் கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஃபோனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்ன வயதில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் இப்படித்தான் உறிஞ்சுவாள். அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"அழாதடா. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு. பையன் பேரு என்னன்னு சொல்லு."

சொன்னாள். நல்ல பேராகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது கெத்து வேண்டாமா? கல்யாணம் மனைவி இஷ்டப்படி முடிவாகியிருக்கலாம். பயணம் இன்னும் அவருடையதுதான். மளமளவென்று லாரியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ம், ஏறு! நாம கடலுக்குப் போறோம். பொழுது சாயறதுக்குள்ள அடுத்த எடம் பாக்கணும்."

மனைவி ஏறவில்லை. சம்பந்தியம்மாளின் கையைக் கோத்துக்கொண்டு, பல் டாக்டர் கிளினிக் சிரிப்போடு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அடுத்த எடம் எதுக்குங்க? நமக்கு இருக்கறது ஒரே பொண்ணுதானே!"