வெள்ளிக்கிழமை வண்டி பதினோரு நிமிஷம் லேட்

கம்பெனி வண்டிகளைக் கட்டி மேய்க்கிற அதிகாரித் தம்பி அவர்களுக்கு,

மருந்துக்கடை நிறுத்தத்தில் ஏறுகிறவளுடைய மாமியார் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் சௌக்கியம். நீங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டிதான் சௌக்கியமாக இல்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தேதியில் தப்பிருக்காது.

என் மருமகள் உங்கள் மூக்குக்கண்ணாடி கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கீறல் பார்க்கிறாள். வீட்டிலும் அதே வேலைதான், நான் தேய்த்த பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கல்யாணத்தன்று நான் பந்தியில் நின்ற நேரமாகப் பார்த்துக் குடும்பப் போட்டோ எடுத்துக்கொண்டாள், அது தனி வழக்கு. இப்போது அவளை அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசராகப் போடப்போகிறார்கள். ஆனால் மாசத்தில் ஆறு நாள் லேட் விழுந்தால் பேரை எடுத்துவிடுவார்களாம், வண்டியே லேட்டாப் போனாலும் உள்ள உட்கார்ந்திருக்கிறவதான் லேட்டாம், இது என்ன நியாயமோ. இந்த வாரமே அஞ்சு விழுந்தாச்சு. நாளைக்குச் சனிக்கிழமையோட மாசம் முடியுது தம்பி.

திங்கள்கிழமை டயர் பஞ்சர், நாப்பது நிமிஷம் லேட், அதை விடுங்க. செவ்வாய் நாலு நிமிஷம், புதன் ஏழு, வியாழன் ஒன்பது, இன்னைக்கு வெள்ளி பதினொண்ணு. எங்க நிறுத்தத்துக்கு ஏழு இருபதுக்கு டாண்ணு வந்துடுது, அப்புறம் எங்கதான் போகுதுன்னு தெரியல. டிரைவரைச் சும்மா விடலை. தினமும் வண்டிப் படிக்கட்டுல ஒரு காலை வச்சுக்கிட்டு, திங்கள்லேருந்து வரிசையா ஒவ்வொரு நாளுக்கும் பதில் கேக்கறேன்.

"ஏம்ப்பா, நேத்து ஏன் லேட்டு?"

"வழியில நின்னுட்டேன் பாட்டி."

"எங்க நின்னே?"

"இங்கதான் பாட்டி. விட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

"பேச்சை மாத்தாதே."

மூணு வருஷம் முந்தி, மழை விட்ட ஒரு புதன்கிழமை, இதே ஆள்தான் என் நீலப் புடவையில சேறடிச்சவன். கறை இன்னும் இருக்கு, வேணும்னா கொடுத்தனுப்பறேன். என் மருமகளோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு யாரோ எவரோன்னு உட்கார்ந்திருக்கா. அதனால நானே யோசிச்சுச் சொல்றேன். பாங்க் முனையில ரெண்டு பேரை ஏத்த வண்டி சுத்தித் திரும்புதே, அவங்களை ரோட்டைக் கடந்து நிக்கச் சொல்லுங்க, காலு தேயாது. ஏசி கூட்டு குறைன்னு சண்டையாம், குளிர் தாங்கறவங்களை ஒரு பக்கமா உட்கார வையுங்க. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிவர்ற கணக்குப்பிள்ளைக்குக் காலையில போன் போட்டு எழுப்ப ஆள் வேணும்னா நான் இருக்கேன். முக்கியமா, டிரைவரை மாத்துங்க.

உங்க வண்டிச் சக்கரம் தேயாம, உங்க பேர் கெடாம, நூறு வருஷம் இருங்க.

இப்படிக்கு,
மருந்துக்கடை நிறுத்தத்து மாமியார்

பி.கு.: சனிக்கிழமை காலையில மருமகள் இதைப் படிச்சா. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, "அத்தை, அந்தப் பதினோரு நிமிஷமும் நீங்க படிக்கட்டுல கால் வச்ச நேரம்"ன்னா. ஏன்டி முன்னாடியே சொல்லலைன்னேன். "சொன்னேன். எந்தத் தேதியில சொன்னேன்னு கேட்டீங்க. எனக்கு ஞாபகமில்லை"ன்னா. ஆகவே டிரைவரை மாத்த வேண்டாம், நல்ல பிள்ளை, சேறு வழக்கு மட்டும் நிக்கட்டும். இனிமே காலையில நான் மாடியை விட்டுக் கீழ இறங்கவே மாட்டேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் அவளுக்கு லேட் போடாதீங்க தம்பி. இந்தக் கடிதத்தை டிரைவர் கையிலதான் கொடுத்தனுப்பறேன், எழுதி முடிக்கிற வரைக்கும் வண்டியை நிறுத்தி வச்சிருக்கேன்.