எல்லப்பன் எஃப்.சி.

"உங்க கிளப் எந்த வருஷம் ஆரம்பிச்சது?" என்று சுகப்பிரியா மேடம் கேட்டபோது நம்பிராஜன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொரோனாவில் கம்பெனி லைன் மூடிக் கிடந்த நாட்களில், வேறு வேலை இல்லாமல், தொழிலாளர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆரம்பித்தது என்று. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மைதானமும் கையை விட்டுப் போயிருக்கும்.

மேடம், பென்னலூரில் பிரேக் டிரம் செய்யும் ஒரு கம்பெனியின் அதிகாரி. ஊருக்கு நல்லது செய்வதுதான் அவருடைய வேலை. கம்பெனி மதிலை ஒட்டி ஒரு காலி இடம் கிடந்தது. அதைச் சமன்படுத்தி, வேலி போட்டு, ஊரில் விளையாடும் ஒரு குழுவிடம் ஒப்படைப்பதாகக் கம்பெனி முடிவு செய்திருந்தது. கிரிக்கெட்காரர்களும் கால்பந்துக்காரர்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றதால், அங்கே யார் முதலில் விளையாடினார்களோ அவர்களுக்கே இடம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

கிரிக்கெட் கேப்டன் லோகேஷ் ஒரு கோப்பையை மேசை மேல் வைத்தான். "எங்க டீமு ரெண்டாயிரத்து நாலுலேர்ந்து கீது மேடம்," என்றான்.

அவனுக்குப் பின்னால் அவன் அப்பா முனிரத்தினம் நின்றிருந்தார். வார்டு மெம்பர். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாத ஆள். "இந்த ஊர்ல பந்த காலால ஒதச்சவன் ஒருத்தன் கெடையாது மேடம்," என்றார். "எல்லாம் தெக்கேருந்து வந்த இந்தப் பசங்க கெளப்பி வுட்டது."

நம்பிராஜன் வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். அதே கம்பெனியில் லைன் ஆபரேட்டர். ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிற காலுக்கு, சாயங்காலம் அந்தப் பொட்டலில் ஓடும்போதுதான் தான் கால் என்ற நினைவே வரும். அந்த இடமும் போய்விட்டால் வேலையும் படுக்கையும் தவிர அவனுக்கு இந்த ஊரில் வேறொன்றும் மிச்சமில்லை. அந்தப் பயத்தில்தான் வாய் முந்திக்கொண்டது.

"நாங்க அதுக்கும் முந்தி மேடம்."

"எவ்வளவு முந்தி?"

"ரொம்ப முந்தி."

அப்படியானால் அதற்கு ஓர் ஆதாரம் கொண்டு வரச் சொல்லி மேடம் அனுப்பிவிட்டார்.

கோல் போஸ்ட்டைக் காக்கிற கோலி சாம்சன் உள்ளூர்ப் பையன். கோவிந்தம்மாவின் டீக்கடையில் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாடா சொல்லிட்டு வந்துகீற? நாம டீம் ஆரம்பிச்ச அன்னிக்கு நீ வாங்கின செருப்பே இன்னும் தேயல," என்றான்.

சொன்ன வேகத்தில் கையிலிருந்த வடை கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை. பெஞ்சுக்கு அடியில் மஞ்சள் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மேலே 'எல்லப்பன்' என்று இருந்தது. அதன் கீழே, 'எஃப்.சி. 3-5-95'.

ஏதோ பழைய லாரியின் பின்பக்கப் பலகை அது. காயலான் கடையிலிருந்து வாங்கி வந்து பெஞ்சாக அடித்திருக்கிறார் கோவிந்தம்மா. வண்டி ஓட்டத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. கொடுக்கும் சான்றுக்குத்தான் எஃப்.சி. என்று பெயர். அது முடிகிற தேதியை லாரிக்காரர்கள் வண்டியிலேயே எழுதி வைப்பார்கள். ஒரகடம் ரோட்டில் போகிற எந்த லாரியிலும் பார்க்கலாம்.

நம்பிராஜன் அந்த எழுத்தையே பார்த்தான். "ஏலே சாம்சன், எஃப்.சி.ன்னா என்னல?"

"வண்டிக்கு ஃபிட்னஸு."

"நமக்கு?"

சாம்சன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். "ஃபுட்பால் கிளப்பு," என்றான்.

பெஞ்சைத் தூக்கினால் வருகிறவர்கள் எங்கே குந்துவார்கள் என்று கோவிந்தம்மா நியாயமாகவே கேட்டார். ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இடம் மாறின. மெஸ் மாஸ்டர் வனமாமலைக்கு அது அப்போது தெரியாது. பலகையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வேட்டியில் சுற்றி மேடத்திடம் கொண்டு போனார்கள். கிளப் ஆரம்பித்த அன்று வைத்த பலகை என்றார்கள்.

மேடம் அந்த எழுத்துகளை விரலால் தடவினார். வண்டிக்கு எஃப்.சி. எடுப்பதெல்லாம் வீட்டு டிரைவர் பார்த்துக்கொள்ளும் விஷயம் போலிருக்கிறது, அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"எல்லப்பன் யாரு?"

"கிளப்ப ஆரம்பிச்சவரு மேடம்."

"அவரை நான் பார்க்கணுமே."

இதை நம்பிராஜன் எதிர்பார்க்கவில்லை. கதவை ஒரேயடியாகச் சாத்திவிடலாம் என்று நினைத்து, "அவரு தவறிட்டாரு மேடம்," என்றான்.

"அடடா. எப்படி?"

"பந்தாடிகினு இருக்கும்போதே," என்றான் சாம்சன், உதவி செய்கிற நினைப்பில்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய குடும்பத்தையாவது கூப்பிட்டுக் கௌரவிக்க வேண்டும் என்றார். அவருக்குக் குடும்பமே கிடையாது, பந்துக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்று நம்பிராஜன் அவசரமாகச் சொன்னான். மேடம் கைக்குட்டையை எடுத்தார். அவன் சாத்தச் சாத்தக் கதவு அகலமாகத் திறந்துகொண்டே போனது. மைதானம் உங்களுக்குத்தான், 'அமரர் எல்லப்பன் நினைவு மைதானம்' என்று பெயர் வைத்துவிடலாம், திறப்பு விழாவை நானே நடத்துகிறேன் என்று மேடம் முடிவு செய்துவிட்டார். ஒரு போட்டோ மட்டும் கொடுத்தால் போதுமாம்.

அவர் அடக்கமானவர், போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை என்றான் நம்பிராஜன். அதற்கும் மேடம் அசரவில்லை. ஓர் ஓவியரை ஹாஸ்டலுக்கே அனுப்பிவிட்டார். நீங்கள் அடையாளம் சொல்லுங்கள், நான் வரைகிறேன் என்று அந்த ஆள் மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டான். பார்த்தேயிராத மனிதனுக்கு என்ன அடையாளம் சொல்வது? நம்பிராஜனின் கண் அலைந்து திரிந்து, எதிரே சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த வனமாமலை மேல் போய் நின்றது. முறுக்கு மீசை, உருண்டைக் கன்னம், நெற்றி மேட்டில் ஒரு தழும்பு என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

ஓவியன் கெட்டிக்காரன். அதுதான் வினையாகப் போயிற்று. ரோட்டோரம் அந்தப் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்த அன்று, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்த பையன்கள் வனமாமலை அண்ணாச்சி எப்போது போனார் என்று பதறிப்போய் ஹாஸ்டலுக்கு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். மாலையைக் கரண்டியும் கையுமாக வாங்கிக்கொண்டது வனமாமலையேதான். நாற்காலி விஷயமும் அன்றைக்கே வெளியே வந்தது. அந்த வாரம் முழுக்க ஹாஸ்டலில் சாம்பாருக்கு உப்பில்லை. விழா அன்று மட்டும் அவர் வெளியே தலை காட்டக்கூடாது என்று நம்பிராஜன் காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

லோகேஷ் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தான். அதில் அச்சடித்திருந்த பலகையையும் பார்த்தான். அவன் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். வருஷா வருஷம் எஃப்.சி.க்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் காய்கிறவன். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் இந்த ஊரில் லாரி வைத்திருந்த எல்லப்பன் யார் என்று விசாரித்துக்கொண்டே போனவன், கடைசியில் மணிமங்கலத்தில், மகள் வீட்டு வாசலில், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றான். முனிரத்தினம் மகன் என்றதும் பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். விழாவுக்கு வருகிறேன் என்று மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

லோகேஷுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், முனிரத்தினம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"வேணாம், வுட்றா," என்றார். "ஒரு கிரவுண்டுதான. போனா போவட்டும். பாவம், வெளியூர்ப் பசங்க."

தெருக்குழாய்த் தகராறில்கூட ஒரு இஞ்ச் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். வயசானதில் அப்பாவின் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் லோகேஷ்.

விழா நாள் வந்தது. ஷாமியானா, மைக் செட், புதுக் கோல் போஸ்ட் எல்லாம் தயார். மேடை நடுவில் பலகைக்கு மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்ததால், எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் முறுக்கு மீசையோடு அமரர் எல்லப்பன். மறைந்த மாமனிதருக்காக மேடம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்றது. கடைசி வரிசையில், அப்போதுதான் லோகேஷோடு வந்து சேர்ந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரும் மரியாதையாக எழுந்து, கண்ணை மூடி நின்றார்.

அஞ்சலி முடிந்ததும், "யாருப்பா செத்தது?" என்று கேட்டார்.

"நீதான் தாத்தா," என்றான் லோகேஷ். அவர் கையைப் பிடித்து நேரே மேடைக்குக் கூட்டிப்போய் மைக்கை வாங்கினான். "மேடம், அமரர் எல்லப்பன் வந்துகீறாரு."

மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் படத்தை உற்றுப் பார்த்து, தான் ஜென்மத்திலும் மீசை வைத்ததில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நம்பிராஜன் எழுந்துவிட்டான். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. போகிற மைதானம் போகட்டும், இந்த அம்மாவை இவ்வளவு அழ வைத்தோமே என்பதுதான் அந்த நேரத்தில் அவனை அறுத்தது. முன்னால் வந்தான். "மேடம், நான் சொல்லுதேன். எல்லாம் என் தப்புதான்."

"நீ இரு, அவரு சொல்லட்டும்," என்ற லோகேஷ் மைக்கைப் பெரியவரிடம் நீட்டினான். "தாத்தா, இது இன்னா பலகை?"

"என் லாரிது."

"எஃப்.சி.ன்னு போட்டுகீதே, அது?"

"லாரி எஃப்.சி.தான். வேற இன்னா?"

கூட்டம் மேடத்தைப் பார்த்தது. முன் வரிசையிலிருந்த முனிரத்தினம் மட்டும் எழுந்து, குனிந்தவாக்கில், பந்தலுக்கு வெளியே போய்த் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"அவ்ளோதான் மேடம்," என்றான் லோகேஷ். "பந்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." மைக்கைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

பெரியவர் கொடுக்கவில்லை. "யாரு சொன்னா இல்லன்னு?" என்றார். "அன்னிக்கி எஃப்.சி.க்குக் கடைசி நாளு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டிய எடுக்கறேன், இந்த ஊருப் பசங்க வந்து கால்ல வுழறானுங்க. மறைமலை நகர்ல பந்தாட்டப் போட்டி, லாரில இட்டுனு போன்னு. ஒரு மாசமா இந்தக் கிரவுண்டுலதான் ஒதச்சினு கெடந்தானுங்க. டீமுக்கு என் பேரு வெக்கறோம்னானுங்க. நானும் மயங்கிட்டேன்."

நம்பிராஜன் சாம்சனைப் பார்த்தான். சாம்சன் பலகையைப் பார்த்தான்.

"அன்னிக்கோட எஃப்.சி. போச்சு. வண்டி நின்னது நின்னதுதான், அந்தப் பலகைல வேற தேதியே எழுதல," என்றார் எல்லப்பன். "போன எடத்துல ஒம்போது கோலு வாங்கினானுங்க. திரும்பி வர சொல்ல ஒருத்தன் வாயத் தெறக்கல. ஊர்ல மூச்சு வுடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினானுங்க. மறுநாளே பந்தைக் கெணத்துல போட்டுட்டு கிரிக்கெட் மட்டையத் தூக்கினானுங்க. தோ, செத்துப் போயிட்டேன்றீங்க. செத்தவனுக்கு ஏது சத்தியம்?"

கூட்டம் சிரித்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும், ஒன்பது கோல் என்றதில் லோகேஷுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒம்போதையும் வுட்ட அந்த கோலி எவன் தாத்தா?"

எல்லப்பன் பந்தலுக்கு வெளியே கையை நீட்டினார். "தோ, செருப்பு கூட மாட்டாம ஓடறான் பாரு, உங்கப்பன்தான்."