என் வயரிங் வகுப்பைப் பிடுங்கிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் மாலை நேர வயரிங் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி, திரையில் படம் காட்டும் புது வாத்தியாரிடம் கொடுத்துவிட்டீர்கள். இது அநியாயம். மற்றபடி இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வகுப்பைப் பிடுங்குகிறவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை.

என் மாணவர்களுக்கு வயரிங் உரிமத் தேர்வு நெருங்கிவிட்டது. நான் பட்டம் வாங்காதவன் என்பது, பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளரான உங்களுக்கு, என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்தே தெரியும். ஆனால் மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிய புத்தகத்தை நூலகத்தில் எடுத்து நாலு முறை படித்தவன். திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை என்று அதில் போட்டிருந்ததை நாலாவது முறைதான் கவனித்தேன்.

அன்றே ஆரம்பித்துவிட்டேன். நோட்டை மூடச் சொல்லிவிட்டுப் போன வாரப் பாடத்தைக் கேட்டேன், பாதி பதில் வரும்போதே போன மாதப் பாடத்தைக் கேட்டேன், எர்த், ஃபியூஸ், மாடிப்படி விளக்கு என்று எல்லாவற்றையும் கலந்துகட்டிக் கேட்டேன். மிக்ஸி பழுதுபார்க்கும் அம்மா, "நீங்க எப்பதான் சார் பாடம் நடத்துவீங்க?" என்று கேட்டது உண்மை. வரிக்கு வரி மஞ்சள் மை பூசியவர்களிடமிருந்து பேனாவைப் பறித்தது உண்மை. பார்த்துச் சொன்னால் மண்டையில் நிற்காது என்பதால் சுவரிலிருந்த வரைபடங்களைச் செய்தித்தாள் ஒட்டி மறைத்தேன், அதே வேகத்தில் கட்டடம் முழுக்க சுவிட்சுகளின் பெயர்ச்சீட்டுகளையும் கிழித்தேன். நீங்கள் விசிறியைப் போடப்போய் மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டி வழிந்து உங்கள் மேஜையில் ஒழுகியதற்கு நான் பொறுப்பல்ல. மோட்டார் சுவிட்ச் எது என்று அதற்குப் பிறகு ஒரு நாளாவது மறந்தீர்களா?

ஆனால் மாப்பிள்ளை, பலன் வந்ததே! வகுப்பில் வாயே திறக்காத அந்த லிஃப்ட் ஆபரேட்டர், ஒரு சாயங்காலம் நான் கூப்பிடாமலே எழுந்துவந்து, எதையும் பார்க்காமல், மாடிப்படி விளக்கின் இணைப்பை முழுசாகப் பலகையில் வரைந்துவிட்டு, "கீழ போட்டுட்டு மேல போய் அணைக்கலாம். சரியா சார்?" என்றார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைத் தட்டச்சு வகுப்பே ஓடிவந்தது. இப்படிச் சூடு பிடித்த நேரத்தில்தான் வகுப்பைப் பறித்தீர்கள். இனி அவர் தேறாவிட்டால் அந்தப் பாவம் உங்கள் கணக்கில்தான். வருகிற திங்கட்கிழமை என் வகுப்பு என் கைக்கு வந்தாக வேண்டும்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, வகுப்பு திரும்பிய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கை போன் செய்தாள். "ஏண்ணா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? படிக்கிறவங்க கொஞ்சம் மறக்கணும், மறந்துட்டு யோசிச்சாத்தான் நிக்கும், ரெண்டு வாரம் வேற யாராவது வேற பாடம் எடுக்கட்டும்னு நீதானே இவர்கிட்ட சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிட்டுப் போனே?" என்றாள். வெகுநேரம் யோசித்தேன். ஆமாம், நானேதான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்க மாட்டேன். மறந்து, திணறி, திரும்ப ஞாபகம் வந்ததால் இது இனி எனக்குச் சாகும்வரை மறக்காது. என் முறைக்கு நானே சாட்சி. ஆகவே, படம் காட்டும் வாத்தியார் இரண்டு வாரத்தையும் முழுதாக முடிக்க வேண்டும், வயரிங் பற்றி மூச்சு விடக்கூடாது. நீங்கள் அவரை அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது. லிஃப்ட் ஆபரேட்டர் நன்றாக மறக்க வேண்டும். நான் என்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதைத் தங்கை எனக்குச் சொல்லக்கூடாது, என்னிடம் கேட்க வேண்டும்.