ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம்

மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், துருக்கிப் பிரிவு ஊழியர் ஒருவர் ஒரே பக்கத்தில் பதினான்கு பிழைகள் செய்ததாகப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது.

துருக்கிப் பிரிவில் இருந்ததே அவர் ஒருவர்தான். அதனால் அலுவலகத்தில் அவரைத் துருக்கிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அந்த மொழியைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவர்; அந்த நாட்டை வரைபடத்தில் பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் நிரந்தரமானால் அலுவலகக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு கிடைக்கும். ஆகாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீடு என்று ஒன்று அப்போது இல்லை. மனைவியும் மகளும் வேறு ஊரில், மனைவியின் அக்கா வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நிரந்தரமாவதற்கு நிபந்தனை ஒன்றுதான். கையில் இருக்கும் புத்தகத்தில் பக்கத்துக்கு ஐந்து பிழைக்கு மேல் வரக்கூடாது.

புத்தகம், துணி துவைக்கும் பெரிய எந்திரம் ஒன்றின் கையேடு. ஒரு சலவை நிறுவனம் அனுப்பியது. நாற்பது பக்கம், ஆங்கிலம். அதில் 'ரன்' என்ற சொல் கொசு மாதிரி மொய்த்தது. எந்திரம் ரன் ஆனது. தண்ணீர் ரன் ஆனது. சிவப்புச் சட்டையின் சாயம் ரன் ஆனது. சோப்புத்தூள் ரன் அவுட் ஆனது. சலவைக் கடையையே யாரோ ரன் செய்தார்கள். நாற்பதாம் பக்கத்தில் மட்டும், எந்திரம் கட்டுமீறி அதிர்ந்தால் ஆட்கள் விலகி ஓட வேண்டும் என்று, உண்மையாகவே காலால் ஓடும் ரன் ஒன்று வந்தது.

துருக்கி மொழியில் இவை ஒன்றல்ல. காலால் ஓடினால் கொஷ்மக். எந்திரம் ஓடினால் ச்சலிஷ்மக், அதாவது வேலை செய்தல். தண்ணீர் ஓடினால் அக்மக். கடை நடத்துவது இஷ்லெட்மெக். தீர்ந்துபோவது பிட்மெக். துணியில் சாயம் போனால் போயா வெர்மெக். சாயம் கொடுத்தல் என்று அர்த்தம். துருக்கிக்காரர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் எழுதினார். அந்தப் பக்கத்தில் பதினான்கு இடம். பதினான்கும் பிழையாயின.

காரணம், மேலாளர் கண்டுபிடித்த சோதனை முறை. துருக்கியில் எழுதியதை அடுத்த அறையில் இருப்பவர், மூலத்தைப் பார்க்காமல், மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பழைய ஆங்கிலத்தையும் புது ஆங்கிலத்தையும் கணினி ஒப்பிடும். சொல் மாறியிருந்தால் பிழை. அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு மொழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் அத்தனையின் தரத்தையும் அளக்க முடிவதை, மேலாளர் தன் முறையின் சிறப்பு என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

"ஏன்யா, ரன்னுக்கு அர்த்தம் தெரியாதா உனக்கு?" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். இந்தப் புத்தகத்துல மட்டும் ஆறு அர்த்தம் இருக்கு."

"அர்த்தம் தெரியாதவன்தான் ஆறு சொல்லுவான். தெரிஞ்சவன் ஒண்ணு சொல்லுவான். ஆபீஸ் குடுத்த இந்தச் சொற்பட்டியல்ல ஒரு சொல்லுக்கு எத்தனை கட்டம்?"

"ஒண்ணு சார்."

"அந்த ஒண்ணுல என்ன இருக்கு?"

"கொஷ்மக். ஆனா அது காலால ஓடறது சார். மெஷின் காலால ஓடாது."

"நம்ம வீட்டுல மெஷின் ஓடலையா? ஃபேன் ஓடலையா? பஸ் ஓடலையா, கடை ஓடலையா, கடிகாரம் ஓடலையா? அந்த ஊர் மெஷினுக்கு மட்டும் காலே கிடையாதா?"

"எந்த ஊர் மெஷினுக்கும் கால் கிடையாது சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நக்கலா?"

துருக்கிக்காரர் நக்கலுக்குப் பழக்கப்பட்டவர் இல்லை. அவர் நியாயத்தை நம்புகிறவர். அலுவலகங்களில் இது சற்று ஆபத்தான பழக்கம். மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதினார். ஆறு அர்த்தம், ஆறு துருக்கிச் சொல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம். மேலாளர் அதைப் படிக்கவில்லை. துருக்கிச் சொற்கள் இருந்ததால் விதிப்படி சோதனைக்கு அனுப்பிவைத்தார். குறிப்பில் முப்பத்தொரு பிழை வந்தது. அதுவும் அவர் கணக்கில் சேர்ந்தது.

அன்று மதியம் பாத்திரம் கழுவும் தொட்டியருகே அடுத்த அறை அக்காவைப் பிடித்தார். சோதனைப் பிரிவில் திருப்பி எழுதுகிற வேலை அக்காவுடையது. துருக்கியில் அவரைவிடக் கெட்டிக்காரி. வேலைநேரத்தில் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. தொட்டியருகே பேசலாமா கூடாதா என்று விதியில் இல்லை.

"அக்கா, மெஷின் வர்ற இடத்துல 'ரன்'னு எழுதக்கூடாதா நீங்க?"

"எப்படி எழுதுவேன் தம்பி? நீ அழகா 'வேலை செய்யுது'ன்னு எழுதிருக்கே. நான் 'வொர்க்'னுதான் எழுதணும். தண்ணி பாயுதுன்னு எழுதினா 'ஃப்ளோ'ன்னுதான் வரும். நீ நல்லா எழுத எழுத உனக்குத்தான் கேடு."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. மோசமா எழுது, நான் கச்சிதமாத் திருப்பித் தர்றேன்."

மோசமாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் இன்னும் மோசமான ஒரு யோசனை வந்தது. மூலத்தில் ரன் இருந்த இடங்களில், துருக்கிச் சொல்லுக்குப் பின்னால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிடுவது. புள்ளியைப் பார்த்தால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ரன் என்று எழுதிவிடுவது.

"மாட்டினா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்," என்றார் அக்கா. பிறகு டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "பாப்பா எந்தக் கிளாஸ் சொன்னே?" என்றார்.

"ரெண்டாங் கிளாஸ்."

"சரி, புள்ளி வை."

முதல் நாள் பிழை இரண்டு. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் அக்காவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அக்கா ஒரு வாரம் லீவு போட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆள் மிகவும் கவனமானவர். புள்ளியைக் கண்ட இடத்திலெல்லாம் வாக்கியத்தை முடித்து, அடுத்த சொல்லில் புது வாக்கியம் தொடங்கினார். எந்திரம் பாதியில் நின்றது. தண்ணீர் பாதியில் நின்றது. அறுபத்துமூன்று பிழை.

"பதினாலு, முப்பத்தொண்ணு, அறுபத்துமூணு," என்றார் மேலாளர். "உன் கணக்கு மட்டும் நல்லா ஓடுதுய்யா. முப்பதாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் உன் மேசை காலி."

சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, அக்கா வீட்டுக்காரர் இன்னிக்கு சோபாவைத் தொட்டுப் பார்த்துட்டு, 'ஸ்பிரிங் போயிடுச்சு போலிருக்கே'ங்கறார். நம்மளைப் பார்த்து சொல்லலை. சோபாவைப் பார்த்துத்தான் சொன்னார்."

"இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோ."

"அங்க என்னதான் பிரச்சனை?"

"ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைக்கா நான் இங்க ஸ்பிரிங்குக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன்? அந்த மனுஷன் என்ன கேக்கறாரோ அதை எழுதிக் குடுத்துட்டு வாங்களேன். படிக்கப் போறது அவங்க. நமக்கென்ன?"

மறுநாள் காலை துருக்கிக்காரர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திருத்தினார். ரன் வந்த இடத்திலெல்லாம் கொஷ்மக் போட்டார். நாற்பது பக்கமும் ஓட்டப்பந்தயம் ஆயிற்று. எந்திரம் எழுந்து ஓடியது. பின்னாலேயே தண்ணீர் ஓடியது. சோப்புத்தூள் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடியது. சிவப்புச் சட்டையின் சாயம் யாருக்கோ பயந்து ஓடியது. சலவைக் கடையைத் தூக்கிக்கொண்டு முதலாளி ஓடினார். கடைசியில், நியாயமாக ஓட வேண்டிய ஆட்களும் ஓடினார்கள்.

லீவு முடிந்து வந்த அக்கா அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, இதை அந்த ஊர்ல ஒருத்தன் படிச்சான்னா மெஷினைச் சங்கிலியால கட்டிப்போட்டுடுவான்."

"திருப்பி எழுதுங்கக்கா."

"எழுதறேன். ஒரு எழுத்து பிசகாது. அதான் வயித்தெரிச்சல்."

முப்பதாம் தேதி முடிவு வந்தது. நாற்பது பக்கத்துக்கும் சேர்த்துப் பிழை பூஜ்ஜியம். அலுவலக வரலாற்றில் எந்த மொழியிலும் இப்படி நடந்ததில்லை. மேலாளர் இருபத்திரண்டு பிரிவையும் கூட்டிவைத்து அரை மணி நேரம் பேசினார். துருக்கிக்காரரின் தோளில் கைபோட்டு, "மூணு வாரத்துக்கு முன்னாடி இவருக்கு ரன்னுக்கு அர்த்தமே தெரியாது" என்றார். கைதட்டினார்கள். நிரந்தர ஆணையும் வீட்டுச் சாவியும் அங்கேயே கொடுக்கப்பட்டன. அக்கா மட்டும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று மேலாளர் நினைத்தார்.

வியாழக்கிழமை, அச்சடித்த இருநூறு பிரதிகளை எடுத்துப்போக சலவை நிறுவனத்திலிருந்து வேன் வந்தது. டிரைவர் கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தைப் புரட்டினார். தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"துருக்கி," என்றார் மேலாளர். "பூஜ்ஜியம் பிழை. இவர்தான் எழுதினார்."

"துருக்கின்னு தெரியுது சார். இந்த வாலு வெச்ச எழுத்தை நாலு மாசமாப் பார்க்கறோமே. இது எங்களுக்கு எதுக்கு?"

மேலாளர் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். "பாருங்க. 'மொழி'ங்கற இடத்துல உங்க முதலாளி கைப்பட 'துருக்கி'ன்னு எழுதிருக்காரு."

"அசல் புத்தகம் எந்த மொழியில இருக்குன்னு கேட்டிருக்கீங்கன்னு நெனைச்சு எழுதினாரு சார். மெஷின் வந்ததே அந்த ஊர்லேர்ந்துதானே! அதோட வந்த புத்தகம் இந்தப் பாஷையிலதான் இருந்துச்சு. அது புரியலைன்னுதான் நம்ம பாஷையில மாத்திக் குடுங்கன்னு உங்ககிட்ட வந்தோம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு, பாவம், எங்க முதலாளியே ஒரு மாசம் அகராதியும் கையுமா உக்காந்து அதை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினாரு. அவருக்கு இங்கிலீஷ்ல நல்லாத் தெரிஞ்ச வார்த்தை 'ரன்' ஒண்ணுதான் சார். அந்தத் துருக்கிப் புத்தகத்துல என்னென்னமோ ஆறு வார்த்தை இருந்துச்சாம். எல்லாத்துக்கும் அதையே போட்டு முடிச்சிட்டாரு."

பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு எதிரே பிழை பூஜ்ஜியம் என்றே இருந்தது. சனிக்கிழமை காலை மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.