ஐம்பது பேர் கல்யாணத்தில் நான் திறந்த சந்தை

பொருளாதாரம் படித்தவனைக் கல்யாண வேலைக்குக் கூப்பிடக் கூடாது. வாழைமரம் கட்டச் சொல்லலாம், பந்தி பரிமாறச் சொல்லலாம்; யோசனை மட்டும் கேட்கவே கூடாது. என் தங்கை கல்யாணத்தில் என்னிடம் கேட்டார்கள். (கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஒப்புக்கொள்வதென்று ஆன பிறகு அரைகுறையாக எதற்கு?)

கொரோனா ஊரடங்குக் காலம். கம்பத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்புகள் செல்போனுக்குள் போய்விட்டதால், மிச்ச நேரமெல்லாம் ஃபேஸ்புக்கில் அரசாங்கத்துக்கு வகுப்பெடுத்தேன். முகக்கவசத்துக்கு விலை நிர்ணயிக்காதே, விலை ஏறினால்தான் நாலு பேர் புதிதாகத் தைக்க வருவார்கள். காய்கறி லாரியை மறிக்காதே. கடையை எப்போது திறப்பதென்று கடைக்காரனுக்குத் தெரியும். (இதில் பாதி சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன்.) எல்லாவற்றுக்கும் உதாரணம், கூடலூரில் இருக்கும் என் தாய்மாமாவின் திராட்சைத் தோட்டம். கேரளாவுக்குப் போகும் குமுளி எல்லையை அடைத்ததில் பழம் கொடியிலேயே அழுகிக்கொண்டிருந்தது. அழுகிய குலைகளைப் படத்தோடு போட்டு நான் எழுதிய பதிவுக்கு லைக்குகள் கொட்டின. படம் அனுப்பிய மாமாவிடம், வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கை கல்யாணம் வந்தது. மொத்தமே ஐம்பது பேர்தான் கூடலாம் என்பது உத்தரவு. வடுகபட்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் பாதி போக, எங்களுக்கு இருபத்தைந்து. அதில் மணப்பெண்ணும் ஒரு ஆள். அப்பா மூன்று நாள் பட்டியல் போட்டார், மூன்று நாளும் கிழித்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எத்தன பேருன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. யாருன்னு சந்த முடிவு பண்ணட்டும்ப்பா."

திட்டம் சுலபமானது. ஒவ்வொரு சொந்தக்காரக் குடும்பத்துக்கும் இரண்டு டோக்கன். அவ்வளவாக ஆசையில்லாதவர்கள், வந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு விற்றுக்கொள்ளலாம். யார் விற்றார், என்ன விலைக்கு என்று யாரும் விசாரிக்கக் கூடாது. மஞ்சள் அட்டையை வெட்டி, பட்டத்தோடு என் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி நானே தயாரித்தேன்.

அம்மா ஒரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏலே, எங்கண்ணனுக்குமா டோக்கனு?"

"சந்தைல எல்லாரும் சமம்மா."

எங்கள் பக்கம் தாய்மாமன் எடுத்துவந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் கையால் மாலை போட்டுக்கொண்டுதான் பெண் மணையில் உட்காருவாள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மாமா எப்படி வராமல் இருப்பார் என்ற மெத்தனம்தான்.

டோக்கன்கள் கைமாறின. அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்குக் காய்கறி மண்டி. ஊரடங்கிலும் அவர் வியாபாரம் நிற்கவில்லை. தன் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரையும் அழைத்துவர அவர் டோக்கன்களை வாங்கிச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் பூரித்துப்போய், அதற்கும் ஒரு பதிவு எழுதினேன்.

கல்யாணத்தன்று காலை, நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் மிஷினோடு வீட்டு வாசலில் நின்றேன். (அதைக் கையில் பிடித்தாலே ஒரு போலீஸ் மிடுக்கு வந்துவிடும்.) கூட்டம் சேர்ந்தால் அபராதம் என்று பேச்சிருந்ததால், எங்கள் பக்கத்தில் என்னையும் சேர்த்து இருபத்தைந்து ஆனதும் வாசலில் கயிற்றைக் கட்டிவிட்டேன். கடைசியாக உள்ளே போனவர், பெரியப்பாவின் சம்பந்தி வீட்டுக் கார் டிரைவர்.

அப்போதுதான் மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். தாம்பாளத்தில் பட்டும் மாலையும்.

நான் கேட்டேன். நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது, ஆனாலும் கேட்டேன். "டோக்கன் எங்க மாமா?"

மாமா சிரித்தார். "அத ஒங்க பெரியப்பாட்ட குடுத்துட்டேன் மருமகனே. பழம் பூராம் போச்சுல்ல, பட்டு எடுக்கணுமே. இத உள்ள கொண்டுபோயிக் குடுத்துரு. மாலைய ஒங்கம்மாவப் போடச் சொல்லு. நா இங்கனயே நிக்கிறேன்."

விற்பவனும் விரும்பி விற்கிறான், வாங்குபவனும் விரும்பி வாங்குகிறான், இருவருக்கும் லாபம் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படி விரும்பி விற்றவர் முகத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "சம்பந்தி வீட்டு டிரைவரு உள்ள உக்காந்திருக்காரு, எங்கண்ணன் வாசல்ல நிக்கிறாக! நீ படிச்ச படிப்புல தீய வைக்க!"

உள்ளேயிருந்து தங்கையின் குரல்: "மாமா வராம நா மணையில உக்கார மாட்டேன்."

முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம்தான் இருந்தது. பெரியப்பாவிடம் ஓடினேன். "ஒரு டோக்கன் மட்டும் திருப்பிக் குடுங்க பெரியப்பா."

அவர் நிதானமாக மீசையைத் தடவினார். "இப்ப வெல ஏறிப்போச்சேப்பா. அவசரம்னா வெல ஏறும், ஏறத்தான் வேணும்னு நீதான எழுதியிருந்த?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று இன்றுவரை தெரியாது.

எழுந்தவர் அந்த டிரைவர்தான். "சார், நா வெளிய நின்னுக்கிறேன். அவுகள வரச் சொல்லுங்க." அவர் விலை எதுவும் சொல்லவில்லை.

இருபத்தைந்தில் நானும் ஒருவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடம் கேட்டு வீடு முழுக்க ஓடியவனுக்கு, தன் இடம் ஒன்று இருப்பது தெரியவில்லை. டிரைவரை உட்காரச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். கயிற்றுக்கு வெளியே நான் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. கூடப்பிறந்தவளுக்குத் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. (அபராதம் போடக் கடைசிவரை ஒருவரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கல்யாண ஆல்பத்தில் டிரைவர் இருக்கிறார், அண்ணன்காரன் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், வாசலில் யாராவது ஒருவர் என்னிடம் கையை நீட்டி, "டோக்கன்?" என்பார்கள்.

போன தை மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. இப்போது நான்தானே தாய்மாமன்? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கதையை ஆரம்பித்தார். பந்தலே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதையை ஒருமுறைகூடச் சொல்லாதவர் மாமா ஒருவர்தான். அன்றைக்கும் அவர் சிரிக்கவில்லை. "விடுங்கப்பா. அப்ப அவன் சின்னப் புள்ள," என்றார்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.