அங்குல நானாவின் அன்டெனா

எந்தப் பொருளையும் அதன் சரியான அளவில் விட்டுவைக்க மனம் வராத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: கெலிஓயாவில் என் பக்கத்து வீட்டு அங்குல நானா. தையற்காரர். எடுக்கும் அளவோடு எப்போதும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்வார். கேட்டால், "தையலுக்கு விட வேணுமே!" அவர் தைத்த சட்டைக்குள் நானும் மலைக்காற்றும் கூட்டுக் குடித்தனம் நடத்தினோம்.

ஒருநாள் கம்பளை நகரத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அன்டெனாவைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். மீன்முள் போலக் குறுக்குக் கம்பிகள். பெயரில்லை, ஓர் எழுத்துக்கூட இல்லை.

"எங்கயோ கழிச்சுப் போட்டது. எதுக்குள்ளதுன்னு கடைக்காரனுக்கே தெரியா," என்றார் பெருமையாக.

"கருவாடு காயப்போடலாம்," என்றார் அவர் மனைவி.

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் கம்பிகளை விட்டு அகலவில்லை. மலை மடிப்பில் ஒளிந்த வீடு அது, போன் சிக்னல் எட்டியும் பார்க்காது. கட்டாரிலிருக்கும் மகளோடு பேசப் படியேறி ரோட்டுக்குப் போகவேண்டும். முழங்கால் போனபிறகு அந்தத் தாய் மகளின் குரலைக் கேட்கவேயில்லை. நானாதான் போய்ப் பேசிவிட்டு வந்து, பாதியை மறந்து, மீதியில் ஓர் அங்குலம் கூட்டிச் சொல்வார்.

இணையத்தில் படித்ததைச் சொன்னேன்: வயர் பூட்டும் கம்பியின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் அது பிடிக்கும் அலையின் நீளம். நானா காற்சட்டைக்கு அளவெடுப்பதுபோல் குனிந்து, அளந்து, சொன்னார். கணக்குப் போட்டேன்.

"டீவிக்குள்ளது நானா. போனுக்குச் சரிவராது."

அவர் மனைவி உள்ளே போய்க் கருவாட்டை எடுத்து வந்து, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்.

பார்க்கப் பொறுக்காமல் தலையைத் தாழ்த்தினேன். என் தொளதொளச் சட்டை கண்ணில் பட்டது.

"நானா, தையலுக்கு விட்டீங்களா?"

"விடாம? ரெண்டு பக்கமும் விட்டேன்!"

ஓர் அங்குலமும் கூட்டாமல் மறுபடி அளந்தோம். போனுக்கு உரியதேதான்.

கருவாடு இறங்கியது, அன்டெனா கூரையேறியது. கூரையிலிருந்து மட்டும் தெரிந்த போன் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பி, என்னிடம் சும்மா கிடந்த ரவுட்டரில் பூட்டினோம். திரையில் மகள், அவள் மடியில் பேத்தி.

"உம்மா, ஏன் பேசாம இரிக்கீங்க?"

உம்மா திரையில் பேத்தியின் கன்னத்தைத் தடவினார். நானா இடையில் புகுந்து, டேப்பைத் திரைமேல் வைத்தார்.

"வாப்பா, என்ன செய்றீங்க?"

"பெருநாள் சட்டைக்கு அளவு. புள்ளய ஆடாமப் புடி."

"போன்ல அளவு சரிவருமா வாப்பா?"

"ரெண்டு அங்குலம் விட்டுத் தைக்கிறேன். இங்க வந்து சேரக்குள்ள வளர்ந்திருவா."

இப்போது நான் வீடு மாறி அம்பிட்டியவில் இருக்கிறேன். நானா தைத்த சட்டைகள் இன்னும் தொளதொளதான். ஒன்றைக்கூட நான் பிடித்துத் தைக்கக் கொடுக்கவில்லை.