வெள்ளி விலையும் ஹாஜியார் வீட்டுக் கூரையும்

கண்டிச் சோலார் கடையின் விற்பனையாளன் ஜீவன், தெல்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். சோலார் பேனலுக்காக ஆசையாகக் காத்திருக்கும் வாடிக்கையாளரை வாங்கவிடாமல் செய்ய வேண்டும். அதுவும் அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்க வேண்டும்.

எல்லாம் வெள்ளியால் வந்த வினை. பேனலில் மின்சாரத்தைச் சேர்த்தெடுக்கும் மெல்லிய கோடுகள் வெள்ளியால் ஆனவை. உலகமே போட்டி போட்டுப் பேனல் செய்ய, சுரங்கங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெள்ளி எகிறியது, தொழிற்சாலையும் பேனல் விலையை ஏற்றிவிட்டது. ஜீவனோ ஹிதாயா டீச்சரிடம் பழைய விலைக்கு ஆர்டர் எடுத்திருந்தான். டீச்சராகவே அதை ரத்துச் செய்யாவிட்டால் நட்டம் அவன் சம்பளத்தில்தான் கழியும் என்று கண்டிக் கடை முதலாளி நபீல் சொல்லிவிட்டார்.

டீச்சர் பிளேன்டீயும் தொதல் இனிப்பும் வைத்து உபசரித்தார். ஜீவன் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, சோகமாக இறங்கி வந்தான்.

"டீச்சர், மரமெல்லாம் உக்கிப் போயிருச்சு. இந்தக் கூரை பேனலத் தாங்காது."

டீச்சரின் முகம் வாடும் என்று நினைத்தான். அவர் உள்ளே திரும்பி, கணவர் ஹுதைபா ஹாஜியாரைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க. கம்பனியால வந்தவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

ஹாஜியார் கேட்டார். பெருமூச்சு விட்டார். அடுத்த முறை ஜீவன் போனபோது, தச்சர் கறுப்பையா புதுக் கூரையின் மேல் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

நபீல் போனில் பாய்ந்தார். வெள்ளி இன்னும் ஏறியிருந்தது. ஜீவன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். முற்றத்தில் ஒரு வாகை மரம் நின்றது. நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும் என்றான். ஹாஜியார் மரத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். மறுவாரம் மரம் இல்லை. வீட்டு வயர் பழையது என்றான். புது வயர் வந்தது. கையோடு சுவருக்குப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. அவன் சொன்ன ஒவ்வொரு சாட்டும், பேனல் பூட்டுவதற்கு அந்த வீட்டைவிடப் பொருத்தமான வீடு கண்டி மாவட்டத்திலேயே இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தது.

கடைசித் தடவை ஹாஜியார் கேற்றடியிலேயே காத்து நின்றார். ஆள் மெலிந்திருந்தார். சட்டையெல்லாம் பெயின்ட்.

"தம்பி, இன்னும் என்ன கொற ஈக்கி?"

இந்த மனிதரை இதற்கு மேலும் அலைக்கழிக்க ஜீவனுக்கு மனம் வரவில்லை. உள்ளே போய், திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டு, வெள்ளி, சுரங்கம், முதலாளி, சம்பளம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

ஹாஜியார் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். டீச்சருக்குக் கோபமே வரவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தில் கை வைப்பது பாவம் என்று சொல்லி, அந்த இடத்திலேயே ஆர்டரை ரத்துச் செய்தார்.

ஜீவனுக்குக் கண் கலங்கியது. வெளியே கறுப்பையா கூரை ஓரத்தில் மழைநீர் வடியப் புதுப் பீலியைப் பொருத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓட வழி பிறந்தது, ஆனால் இவ்வளவு பாடுபட்டும் டீச்சருக்குச் சோலார் கிடைக்கவில்லையே என்று அவரிடம் சொல்லி வருந்தினான்.

கறுப்பையா வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சோலார் யாருக்குத் தம்பி வேணும், கூரையச் செய்ங்கன்னு டீச்சர் வருசக்கணக்கா சொல்லியும் ஹாஜியார் அசையல, கம்பனி ஆளு வந்து சொன்னாத்தான் கேப்பாருன்னு ஒங்களக் கூப்புட்டாங்க."